சென்னையில் ஒரு முழுப் பகல், கைக்காசு கரையாமல்

என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். தங்கியிருப்பது ஒரு பெண்கள் விடுதியில். அங்கே வெளியாள் தங்க முடியாது. பெற்ற தாயாக இருந்தாலும் வாசல் பெஞ்சோடு சரி. எனக்குக் கோவில்பட்டியில் தையல் கடை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடையைப் பூட்டிவிட்டு, பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கடலை மிட்டாய் என்று ஒரு பை கட்டிக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவேன். காலையில் எழும்பூர். அவளுக்கு ஷிஃப்ட் முடிவது சாயங்காலம் நாலு மணிக்கு. இரவு எனக்கு மறுபடி ரயில். நடுவில் கிடக்கிற பத்து மணி நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

முதல் தடவை இது தெரியாமல்தான் வந்தேன். கடற்கரைக்கு ஆட்டோ, வெயில் ஏறியதும் ஒரு மாலுக்கு ஆட்டோ, அங்கே ஏசியில் உட்காருவதற்காக ஒரு காபி, அது தீர்ந்து வெகுநேரம் ஆனதால் கூச்சப்பட்டு இன்னொரு காபி, அப்புறம் சாப்பாடு, மறுபடி ஆட்டோ. ராத்திரி ரயிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் எண்ணூற்றுச் சொச்சம் போயிருந்தது. இரண்டு ரவிக்கைத் தையல் கூலி. ஆனால் அந்தக் கணக்கில் ஒன்று கவனித்தேன். எதையும் பார்ப்பதற்காக நான் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. கொடுத்தது எல்லாம் உட்காருவதற்கும், நிழலுக்கும், கழிப்பறைக்கும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதற்கும்தான்.

அன்றிலிருந்து எந்த இடத்தைப் பார்க்கலாம் என்று நான் திட்டம் போடுவதில்லை. எந்த நேரத்தில் எங்கே உட்காரலாம் என்றுதான் திட்டம் போடுகிறேன். சென்னைக்கு வருகிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன். காலையில் கடல், வெயிலில் நூலகம், சாயங்காலம் கோயில் குளம். வெயிலைப் பார்த்து நகர்ந்தால் காசு தானாக நிற்கும்.

இறங்கியதும்

ரயில் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது கையில் இருந்தால் ஸ்டேஷனில் பெண்கள் காத்திருப்பு அறைக்குள் போகலாம். பல் தேய்த்து, முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினால் அந்த நாளே வேறு மாதிரி இருக்கும். வெளியே வந்து அறை எடுத்துக் குளிப்பதற்கென்று தனியாகச் செலவழிக்க வேண்டாம்.

பை ஒன்றுதான், அதுவும் தோளில் தொங்குகிற அளவுக்குத்தான். பெட்டி கொண்டுவந்தால் அதை வைக்கக் காசு, தூக்கிக்கொண்டு நடக்க முடியாமல் ஆட்டோவுக்குக் காசு. என் பையில் இருப்பது: ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு டப்பா புளியோதரை, குடை, மெல்லிய துண்டு, செல்போனுக்குப் பவர் பேங்க். புளியோதரையை நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறினால் மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஒன்றும் ஆகாது. தண்ணீர் தீர்ந்தால் ஸ்டேஷன் குழாயிலேயே பிடித்துக்கொள்ளலாம். மெரினாவிலும் இன்னும் பல இடங்களிலும் குடிநீர் வாரியம் காசில்லாமல் தண்ணீர் தருகிற இயந்திரம் வைத்திருக்கிறது. பாட்டிலை நீட்டினால் போதும்.

பெண்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. சென்னைக்காரர்களுக்கு மட்டும்தானோ என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை, எந்த ஊர்ப் பெண்ணும் ஏறலாம். யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. பல பஸ்களுக்கு முன்புறம் ரோஸ் கலர் அடித்திருப்பார்கள், அல்லது வெள்ளை போர்டு இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஏறும்போதே, "லேடீஸ் ஃப்ரீயாண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். சொகுசு பஸ், ஏசி பஸ்ஸுக்கு இது பொருந்தாது. காசு இல்லையென்றாலும் சீட்டு உண்டு. அதைக் கேட்டு வாங்கி, இறங்கும்வரை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். செக்கிங் ஏறினால் கேட்பார்கள்.

ஆண்கள் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவர்களுக்கு என் யோசனை, பஸ்ஸில் குறைந்த கட்டணம் ஐந்து ரூபாய்தான். கடற்கரை, திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், கோட்டூர்புரம் எல்லாம் பறக்கும் ரயில் பாதையில் வரிசையாக இருக்கின்றன. அதிலும் ஐந்து ரூபாயிலிருந்துதான் டிக்கெட். ஒரு நாள் முழுக்க இருபது, இருபத்தைந்து ரூபாயில் முடித்துவிடலாம்.

காலை: மெரினா

எழும்பூரிலிருந்து "அண்ணா சதுக்கம்" என்று போர்டு போட்ட பஸ் எதில் ஏறினாலும் கடற்கரையின் வடக்கு முனையில் இறக்கிவிடும். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி நினைவிடங்கள் அங்கேதான் இருக்கின்றன, கட்டணம் கிடையாது. வெளியூரிலிருந்து வேன் வைத்து வருகிறவர்கள் எல்லோரும் அங்கே போய்விட்டு, கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. அங்கேயிருந்து கலங்கரை விளக்கம்வரை மூன்று கிலோமீட்டர் போல நடைபாதை போகிறது. எட்டு மணிக்குள் அதை நடந்து முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் வெயில் விடாது.

அந்த நடைபாதையில் முதலில் நான் நிற்பது உழைப்பாளர் சிலை. நான்கு ஆட்கள் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் திறந்தது. தபால் தலை மாதிரி சின்னதாக எத்தனையோ படத்தில் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் போய்ப் பின்பக்கமாகச் சுற்றி வந்து பாருங்கள். முதுகுத் தசை ஒவ்வொன்றும் வேறு வேறு திசையில் இழுபட்டிருக்கும். நான் துணிக்காரி என்பதால் என் கண் இடுப்புத் துணிக்குத்தான் போகும். குனிந்து தள்ளுகிறவன் இடுப்பில் துணி எங்கே இறுகும், எங்கே தளரும் என்பதை அந்த மனிதர் வெண்கலத்தில் சரியாகப் பிடித்திருக்கிறார். முதல் தடவை பார்த்தபோது கால் மணி நேரம் அங்கேயே நின்றேன்.

அப்புறம் வருவது தமிழ் வரிசை. 1968இல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்த சிலைகள்: வள்ளுவர், அவ்வையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன், வீரமாமுனிவர், ஜி.யு. போப், கால்டுவெல் என்று. கையில் சிலம்போடு கண்ணகியும் நிற்கிறாள். 2001 கடைசியில் அவளை அகற்றி, 2006இல் மறுபடி அதே கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளோடு வருகிறவர்கள் ஒவ்வொரு பீடத்துக்கும் ஒரு பிள்ளையை அனுப்பி எழுத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். என் தங்கச்சி பிள்ளைகள் இரண்டு பேரும் அப்படித்தான் ஓடி ஓடி வாசித்தார்கள். கால்டுவெல் பெயரைப் பார்த்ததும் சின்னவன், "பெரியம்மா, இவரு நம்ம இடையங்குடிக்காரருல்லா!" என்று கத்தினான்.

கடலைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மெரினாவில் குளிக்க இறங்காதீர்கள். கால் நனைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். கரையிலேயே ஆழம், இழுப்பும் அதிகம். வெளியூர்ப் பிள்ளைகள்தான் தெரியாமல் போய் மாட்டிக்கொள்கிறார்கள். நீச்சல் தெரியும் என்பது அங்கே உதவாது.

அப்புறம் குதிரைக்காரர்கள், போட்டோ எடுப்பவர்கள், கை பார்ப்பவர்கள் வருவார்கள். அவர்களுக்கும் அது பிழைப்பு, முகத்தைச் சுளிக்க வேண்டாம். "வேண்டாம்ண்ணே" என்று ஒரு முறை சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். நின்று விலை கேட்டால் பேச்சு வளர்ந்துவிடும்.

கலங்கரை விளக்கத்தைத் தாண்டினால் நொச்சிக்குப்பம். காலையில் படகு கரை ஏறி, வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். வேடிக்கை பார்ப்பதற்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வேலைக்கு இடைஞ்சலாக மட்டும் நிற்கக் கூடாது. வலையில் அறுந்த கண்ணியை ஒரு பெரியவர் முடிந்துகொண்டிருந்ததைக் கிட்ட உட்கார்ந்து பார்த்தேன். கால் கட்டை விரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, மர ஊசியால் ஒரு சுற்று, ஒரு முடிச்சு. கையைப் பார்க்காமலேயே எல்லாக் கண்ணியும் ஒரே அளவு. "நான் தையக்காரி, எனக்கே இப்படி வராது" என்றேன். "கடல்ல கிழிஞ்சா மீன் போயிரும்லம்மா" என்றார்.

திருவல்லிக்கேணி

மீனவர் பக்கம் போகாத நாளில் கண்ணகி சிலைப் பக்கம் சாலையைக் கடந்து திருவல்லிக்கேணிக்குள் நடந்துவிடுவேன். பார்த்தசாரதி கோயிலில் பெருமாளுக்கு மீசை. அந்த முகத்தைப் பார்க்கப் பொது வரிசையே போதும், சீட்டு வாங்கத் தேவையில்லை.

என் மனசு இழுப்பது கோயிலுக்குப் பக்கத்திலிருக்கும் துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு. அங்கேதான் பாரதியார் கடைசியாகக் குடியிருந்த வீடு இருக்கிறது. அரசு அதை நினைவு இல்லமாக வைத்திருக்கிறது, உள்ளே போகக் கட்டணம் கிடையாது. எங்கள் ஊரிலிருந்து எட்டயபுரம் பஸ்ஸில் அரை மணி நேரம். அங்கே அவர் பிறந்த வீட்டுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எத்தனையோ தடவை கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். 1882இல் அங்கே பிறந்தவர் 1921 செப்டம்பரில் இந்த வீட்டில் கண்ணை மூடினார். முப்பத்தொன்பது வயது நிரம்பவில்லை. பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு இந்த வீட்டுக்கு வர எனக்கு நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது. அங்கே போட்டோக்களையும் கையெழுத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கையில், ஊரில் தெரிந்த ஒரு வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்த மாதிரி இருந்தது. தெற்குப் பக்கத்து ஆட்கள் யார் சென்னை வந்தாலும் இந்த வீட்டை விட்டுவிடாதீர்கள். அரை மணி நேரம் போதும்.

வெயில் நேரம்: நூலகம்

பதினொரு மணிக்கு மேல் நாலு மணிவரைதான் சென்னையில் காசு கரைகிற நேரம். கோயில்கள் எல்லாம் மத்தியானம் நடை சாத்திவிடும். கடற்கரையில் நிற்க முடியாது. கால் வலிக்கும், தலை சுற்றும், கண்ணில் படுகிற ஏசி போர்டுக்குள் நுழைந்துவிடுவோம். இந்த ஐந்து மணி நேரத்தைச் சமாளித்தால் போதும், மற்ற நேரத்தைப் பற்றிக் கவலையே இல்லை.

எனக்குக் கிடைத்த இடம் கோட்டூர்புரத்தில் இருக்கிற அண்ணா நூற்றாண்டு நூலகம். அதற்குக் கொஞ்ச தூரத்தில், சர்தார் பட்டேல் சாலையில் காந்தி மண்டபம். முதலில் மண்டபத்துக்குப் போவேன். காமராஜர், ராஜாஜி, பக்தவத்சலம் நினைவிடங்களும் அந்த வளாகத்துக்குள்தான். மரத்தடி நிழல் நிறைய. ஒரு பெஞ்சில் துண்டை விரித்து, புளியோதரையைச் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு, கொஞ்ச நேரம் சாய்ந்திருந்துவிட்டு நூலகத்துக்கு நடப்பேன். சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக முடியாது, அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நூலகம் 2010 செப்டம்பரில் திறந்தது. உள்ளே உட்கார்ந்து படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. முதல் தடவை அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் முன்னால் நின்றபோது எனக்குத் தயக்கம்தான். படித்தவர்கள் வருகிற இடம், கையில் கட்டைப் பையோடு போனால் என்ன நினைப்பார்களோ என்று. வாசலில் இருந்தவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பையை அங்க குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கங்கம்மா." அவ்வளவுதான். பர்ஸையும் செல்போனையும் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். குளுகுளுவென்று இருந்தது. கழிப்பறை சுத்தமாக இருந்தது. பத்து மணி நேரம் வெளியே இருக்கப் போகிற ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பெண்களுக்குத் தெரியும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் சுற்றுகிறவர்கள் எத்தனையோ பேர். நானும் அப்படி இருந்து ஒரு தடவை மயங்கி உட்கார்ந்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இரண்டாவது தளம் முழுக்கத் தமிழ்ப் புத்தகம். நான் பழைய ஊர்க் கதைகள், நெசவு பற்றிய புத்தகங்கள் எடுத்து வைத்துக்கொள்வேன். ஒரு தடவை பாதி படித்த புத்தகத்தை மூன்று மாதம் கழித்து வந்து அதே அலமாரியில் எடுத்து மீதியைப் படித்தேன். குழந்தைகளுக்கென்று ஒரு தளமே இருக்கிறது. நடுவில் பெரிய மரம் மாதிரி செய்து வைத்து அதன் கீழ் உட்கார்ந்து படிக்க வசதி செய்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் அங்கே இரண்டு மணி நேரம் நிம்மதியாக இருக்கலாம். சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதி உண்டு. அங்கே பார்த்தால் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வரிசை வரிசையாக இருப்பார்கள்.

தரைத்தளத்தில் பிரெயில் பகுதி. வாசலை ஒட்டி ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் பிள்ளை படித்துக்கொண்டிருந்தாள். வலது கை ஆள்காட்டி விரல் வரியில் ஓடிக்கொண்டே இருந்தது. இடது கை விரல் அடுத்த வரியின் ஆரம்பத்தில் போய்க் காத்திருந்தது. ஒரு வரி முடிந்ததும் அடுத்ததற்கு ஒரு நொடிகூடத் தாமதமில்லை. நாங்கள் துணி வாங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஊடும் பாவும் விரலால் தடவித்தான் தரம் பார்ப்போம். அந்தத் தொடுதல்தான். நடுவில் அவள் எதையோ படித்துச் சிரித்தாள்.

எழும்பூரை விட்டு நகர முடியாத நாள் என்றால் பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். 1896இல் திறந்தது. இந்தியாவில் வெளிவருகிற புத்தகங்களுக்கு ஒரு பிரதி வந்து சேருகிற நாலு நூலகங்களில் ஒன்று. பக்கத்து மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே 1821இல் கட்டி முடித்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் தேவாலயத்துக்குக் கட்டணம் இல்லை. உள்ளே நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள். நீலக் கும்மட்டத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாக வரைந்திருக்கும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய கோயில்களில் மத்தியானம் அன்னதானம் உண்டு. டோக்கன் கொடுப்பார்கள், சீக்கிரமே தீர்ந்துவிடும். கையில் கட்டுச்சோறு இருக்கிற நாளில் நான் அந்த வரிசையில் நிற்பதில்லை. அந்த ஒரு வேளையை நம்பி வருகிறவர்கள் அதில் இருக்கிறார்கள். கட்டுச்சோறு இல்லையென்றால் அம்மா உணவகம் இருக்கிறது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். இலவசம் இல்லைதான், ஆனாலும் பத்து ரூபாயில் வயிறு நிறையும். சுடச்சுட இருக்கும்.

சாயங்காலம்: மயிலாப்பூர்

மூன்றரைக்கு நூலகத்திலிருந்து கிளம்பினால் சரியாக இருக்கும். கபாலீசுவரர் கோயில் நடை நாலு மணிவாக்கில் திறக்கும். கொஞ்சம் முன்னால் வந்துவிட்டால் கச்சேரி சாலை வழியே சாந்தோம் தேவாலயத்துக்கு நடந்துவிடலாம். இப்போதிருக்கும் கட்டடம் 1896ஆம் வருஷத்தது. இயேசுவின் சீடர் தோமாவின் கல்லறை கீழே தனி அறையில் இருக்கிறது. யாரும் போகலாம். சத்தமே இல்லாத இடம். பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினால் காலையிலிருந்து நடந்த அலுப்பு இறங்கும்.

கபாலீசுவரர் கோயிலுக்குள் போனால் அவசரப்படாதீர்கள். பொது தரிசன வரிசை சாதாரண நாளில் வேகமாகவே நகரும். சீக்கிரம் கூட்டிப் போகிறேன் என்று யாராவது வந்தால் தலையாட்டாமல் வரிசையிலேயே நில்லுங்கள். தரிசனம் முடிந்து வெளிப் பிராகாரத்தில் புன்னை மரத்தடிக்கு வாருங்கள். பார்வதி மயிலாக வந்து பூஜை செய்த இடம் என்பார்கள். ஊருக்குப் பெயரே அதனால்தான். பூம்பாவைக்கும் இங்கே சந்நிதி உண்டு. பாம்பு கடித்துச் செத்துப்போன பெண்ணின் சாம்பல் குடத்தை வைத்துச் சம்பந்தர் பதிகம் பாடி உயிரோடு எழுப்பிய கதை. மயிலாப்பூர்த் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் பார்க்காமலா போகிறாய் என்று கேட்டுத்தான் அந்தப் பதிகம் போகிறது. பெண் பிள்ளையைப் பெற்றவளுக்கு அந்தச் சந்நிதியைச் சும்மா கடந்துபோக முடியாது.

பிரதோஷ நாளாக இருந்தால் கூட்டம் நெரியும். கூட்டம் பிடிக்காதவர்கள் அன்றைக்குத் தவிர்த்துவிடுங்கள். எனக்கு அன்றைக்குத்தான் பிடிக்கும்.

அப்புறம் குளக்கரை. அங்கேதான் என் மகள் வருவாள். மாட வீதிகளை ஒரு சுற்று சுற்றுவோம். கொலு பொம்மை, பாத்திரம், பூ, வெற்றிலை, பரதநாட்டிய நகை என்று கடை கடையாக வேடிக்கை. வாங்குவது இல்லை. ஒரு பொட்டலம் சுண்டல் மட்டும் வாங்கிப் பிரித்துக்கொள்வோம். காசில்லாமல் என்று சொல்லிவிட்டு இதை மறைக்கக் கூடாது, அந்த இருபது ரூபாய் நான் வழக்கமாகச் செலவழிப்பதுதான். ஏழரைக்குள் பஸ் ஏறினால் நெரிசலிலும் ரயிலைப் பிடித்துவிடலாம்.

இரண்டாம் நாள் கிடைத்தால்

உறவினர் வீட்டில் தங்க நேர்ந்தால் மறுநாள் காலை பரங்கிமலை. புறநகர் ரயிலில் பரங்கிமலை ஸ்டேஷனில் இறங்கி நடக்க வேண்டும். மேலே ஏற நூற்றுச் சொச்சம் படி. அந்தப் படிகளைக் கட்டிவைத்தவர் பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வியாபாரி. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே 1726இல் முதல் பாலத்தைத் தன் காசில் கட்டியவரும் அவர்தான். இப்போது மறைமலை அடிகள் பாலம் இருக்கிற இடம் அது. மேலே போர்த்துக்கீசியர் காலத்துச் சின்னத் தேவாலயம். அங்கிருந்து விமான நிலையம் தெரியும், விமானம் நம் கண்மட்டத்துக்கு இறங்குகிற மாதிரி இருக்கும். லாம்டன் என்ற ஆங்கிலேயர் 1802இல் இந்தியாவை அளக்க ஆரம்பித்ததும் இந்த மலையிலிருந்துதான். இஞ்ச் டேப்போடு பிழைக்கிற எனக்கு அது ரொம்பப் பிடித்த செய்தி.

மாதம் பார்த்து வந்தால்

தேதி உங்கள் கையில் இருந்தால் மார்கழியில் வாருங்கள். விடியற்காலையில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை பாடிக்கொண்டு வருவார்கள், பின்னாலேயே நடக்கலாம். சபாக்களில் சாயங்காலக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். காலையிலும் மத்தியானத்திலும் இளம் வித்வான்கள் பாடுகிற கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் காசு கிடையாது. நேராகப் போய் உட்காரலாம். மியூசிக் அகாடமியில் காலையில் நடக்கிற விளக்க உரைகளுக்கும் அப்படித்தான். எனக்குச் சங்கீதம் படித்த ஞானம் இல்லை. ஆனாலும் ஒரு மத்தியானம் பத்துப் பதினைந்து பேர் மட்டும் இருந்த அரங்கத்தில் ஒரு சின்னப் பெண் பாடியதை முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். முடிந்ததும் அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பொங்கலை ஒட்டிச் சென்னை சங்கமம். பூங்காக்களிலும் கடற்கரையிலும் நையாண்டி மேளம், ஒயிலாட்டம், தப்பாட்டம் எல்லாம் திறந்தவெளியில் நடக்கும். ஆகஸ்ட் 22ஐ ஒட்டி மெட்ராஸ் தினக் கொண்டாட்டம். பழைய தெருக்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறவர்களில் சிலர் காசு வாங்காமலேயே செய்கிறார்கள், முன்கூட்டிப் பெயர் கொடுத்தால் போதும்.

பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர். கபாலீசுவரருக்குப் பின்னால் அறுபத்துமூன்று நாயன்மார்களும் பல்லக்கில் மாட வீதி சுற்றி வருவார்கள். தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு நீர்மோர், பானகம், விசிறி, சாப்பாடு கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். வாங்காமல் தாண்டினால் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ஒரு பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கை ஓய்ந்துபோனது தெரிந்தது. "குடுங்கம்மா, நான் ஊத்துறேன்" என்று வாங்கி ஒரு மணி நேரம் நின்றேன். வந்த ஊரில் விருந்தாளியாக இல்லாமல் போனது அன்றைக்குத்தான்.

அதே பங்குனிப் பக்கத்தில் பெசன்ட் நகர்க் கடற்கரைக்கும் ஒரு சாயங்காலம் போங்கள். பங்குனி ஆமை என்று சொல்கிற கடல் ஆமை கரையேறி முட்டையிடுகிற காலம். வனத்துறையும் தன்னார்வ மாணவர்களும் ராத்திரி ராத்திரியாக நடந்து அந்த முட்டைகளை எடுத்து வந்து வேலிக்குள் புதைத்துக் காப்பாற்றுகிறார்கள். பொரித்த குஞ்சுகளை மாலையில் கடலுக்கு விடும்போது நாமும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. மணலில் ஒரு கால்தடப் பள்ளம் வந்தால் அதில் விழுந்து, துடுப்புக் காலால் ஏறி, மறுபடி ஓடும். அலை வந்து முதல் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனபோது என் மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். பிப்ரவரி கடைசியிலிருந்து விசாரித்துக்கொண்டு வாருங்கள். எல்லா நாளும் குஞ்சு பொரிக்காது. வெளிச்சம் இருக்கும்போதே போய் நில்லுங்கள். செல்போன் லைட்டை மட்டும் அடித்துவிடாதீர்கள். குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு அந்த வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பிவிடும்.